குடியுரிமை மனுக்கள் எப்படித் தேங்குகின்றன?

(ஒக்கலிபுரத்தில் நடந்த சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் குடிசைப் பட்டாவுக்கும் காத்துக் கிடக்காத குடும்பம் ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் ஒன்றுகூட இருக்காது. இன்று நான் பேச வந்தது அதைவிடப் பெரிய ஒரு மனுவைப் பற்றி. "இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ எனக்கு உரிமை கொடு" என்று ஒரு தொழிலாளி ஓர் அரசாங்கத்திடம் போடுகிற மனு அது. நம்மில் சிலருடைய சொந்தக்காரர்கள் சிலோனிலிருந்து வந்து நீலகிரியில் இருக்கிறார்கள். சிலருக்குத் தமிழ்நாட்டு முகாம்களில் உறவு உண்டு. ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போன பிள்ளைகளின் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த மூன்று வகைக் குடும்பங்களும் கேட்பது ஒரே கேள்வி: "மனுக் கொடுத்து இத்தனை வருஷம் ஆயிற்றே, ஏன் இன்னும் வரவில்லை?"

ஆபீசில் ஆள் குறைவு, கோப்பு அதிகம் என்று பதில் வரும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு; முழு உண்மை அதுவல்ல. பெரிய தேக்கங்கள் குமாஸ்தாவின் மேசையில் உண்டாவதில்லை. சட்டத்தில் எழுதி வைத்த ஓர் எண்ணிக்கையால், ஒரு விகிதத்தால், ஒரு கடைசித் தேதியால் உண்டாகின்றன. இதற்கு நம் இனத்துக்கே நேர்ந்த மிகப் பெரிய உதாரணம் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரின் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தேயிலைக் காட்டையும் ரப்பர் காட்டையும் உண்டாக்கிய நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. பிறகு, "உங்களுக்கும் வழி வைத்திருக்கிறோம்" என்று 1949-இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கல்யாணம் ஆனவர் என்றால் 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ந்து 7 ஆண்டும், ஆகாதவர் என்றால் 10 ஆண்டும் இலங்கையில் வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மனுக் கொடுக்க இரண்டே ஆண்டு அவகாசம்; 1951 ஆகஸ்டில் கதவு மூடப்பட்டது.

லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் திருச்சிப் பக்கம் ஊருக்கு வந்து போனவன், தொடர்ந்து இலங்கையில் இருந்ததாக எப்படி நிரூபிப்பான்? கங்காணியின் ஏட்டில் ஒரு பெயர், துரையின் செக்ரோலில் வேறு பெயர், மனுவில் மூன்றாவது ஒரு பெயர். இருந்தும் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள் போயின. அவற்றில் அடங்கியவர் ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேர். அந்த மனுக்களைப் பார்த்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம். நூற்றுக்குப் பதினாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பேரின் மனுக்கள் ஆதாரம் போதாது என்று தள்ளுபடியாயின. ஆதாரமே இல்லாத மக்களிடம் ஆதாரம் கேட்டுச் சட்டம் செய்தவர்களுக்கு இது முன்னமே தெரியாதா? தெரியாமல் செய்தார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கு. அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும். மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம். சந்தையில் மூட்டை பிரிப்பது போலப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களின் பிரதிநிதி ஒருவரும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடவில்லை. அந்த மிச்சத்தையும் 1974-இல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்த வேலையை முடிக்க 15 ஆண்டு தவணை. இந்தியாவின் பங்கை மட்டும் பதினைந்தால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 35 ஆயிரம் பேர். காகிதத்தில் இது நடக்கக்கூடிய கணக்குத்தான். அப்படியானால் எங்கே இடித்தது?

முதலில் இடித்தது மக்களின் விருப்பம். 1968 முதல் 1970 வரை மனு வாங்கினார்கள். இந்தியாவுக்குப் போக மனுச் செய்தவர் சுமார் 4 லட்சம் பேர். அங்கே இருந்த இடமோ 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கையில் இருக்க மனுச் செய்தவர் 6 லட்சத்துக்கும் மேல். இருந்த இடம் 3 லட்சம். பிறந்த மண்ணில் இருக்க விரும்பியவர்களில் பாதிப் பேர், இல்லாத இடத்துக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய மனுவில் பிழை இல்லை, ஆதாரத்தில் குறை இல்லை. அவர்கள் பெயர் எட்டுவதற்கு முன்பே எண்ணிக்கை தீர்ந்துவிடும், அவ்வளவுதான். 1973, 74-இல் தோட்டங்களில் பஞ்சம் வந்து கோதுமை மாவுக்கும் வழியில்லாமல் போனபோதும், 1977 கலவரத்துக்குப் பிறகும், அவர்களில் பலர் மனதை மாற்றிக்கொண்டு கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தின் வாசலுக்குப் போனார்கள். அதை விருப்ப மனு என்று பதிவு செய்துகொண்டது சர்க்கார்.

இரண்டாவதாக வருவது விகிதம். தோழர்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். ஒப்பந்தத்தை அமல் செய்ய 1967-இல் இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. இந்தியப் பக்கம் 7 பேர் கணக்குத் தீர்ந்தால் இலங்கைப் பக்கம் 4 பேருக்குப் பிரஜாவுரிமை. 5 லட்சத்து 25 ஆயிரத்துக்கு 3 லட்சம் என்பது ஏழுக்கு நாலுதானே! இந்தியக் குடியுரிமை பெற்றவர்களை வைத்து ஏழைக் கணக்கிடலாம் என்பது முதலில் இருந்த ஏற்பாடு. 1971-இல் அதைத் திருத்தி, உண்மையாகவே கப்பலேறிப் போனவர்களை வைத்துத்தான் கணக்கு என்று இறுக்கினார்கள்.

இதன் பொருள் என்ன? ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருவர் 1969-இல் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆதாரமும் சரி, விசாரணையும் முடிந்தது. ஆனாலும் அவருக்குச் சான்றிதழ் வராது. அவரைப் போல நாலு பேருக்கு அது வர வேண்டுமானால், அவர் முகம் கண்டிராத ஏழு பேர் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏற வேண்டும். அந்த ஏழு பேரும் சும்மா இருக்கவில்லை, அவர்களும் காத்திருந்தார்கள். பாஸ்போர்ட் வர வேண்டும். அது வந்தாலும் தோட்டம் சேமலாப நிதியையும் சேவைக் காலப் பணத்தையும் தீர்த்துக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் கொழுந்து பறித்த பணத்தை விட்டுவிட்டு யார் கப்பலேறுவார்? மகளுக்கு ஒரு நாடு, மாப்பிள்ளைக்கு ஒரு நாடு என்று பிரிந்த வீடுகளில், பிரிய மனமில்லாமல் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. இப்படி ஒரு கோப்பு இன்னொரு கோப்புக்காகக் காத்திருக்க, அது ஒரு துரையின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. குமாஸ்தா ராப்பகலாக உட்கார்ந்து வேலை செய்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

போதாக்குறைக்கு, ஒப்பந்தத் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரின் கணக்கோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் தாமதம் ஆக ஆகக் குடும்பம் பெருகும். கொண்டுபோக வேண்டியவர் தொகையும் ஏறிக்கொண்டே போகும். காத்திருந்த வரிசையிலேயே ஒரு தலைமுறை பிறந்து பள்ளிக்கூடமும் போய்விட்டது.

1981 அக்டோபரில் தவணை முடிந்தது, வேலை முடியவில்லை. தவணை தீர்ந்தது, இனிப் புது மனுவுக்குத் தாங்கள் கட்டுப்பட்டவர்களல்ல என்று இந்தியா சொல்லிவிட்டது. 1984-இல், போர்ச் சூழலில் கப்பலும் நின்றது. அதுவரை 3 லட்சத்துக்கும் அதிகமானோர், பின்னால் பிறந்த பிள்ளைகள் தவிர்த்தே, கடல் கடந்து வந்துவிட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பல் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டவர் சுமார் 84 ஆயிரம் பேர். காகிதத்தின்படி அவர்கள் இந்தியர். காலையில் எழுந்து மலையேறிக் கொழுந்து கிள்ளுவதோ நுவரெலியாவில்!

பிறகு துண்டு துண்டாகத் தீர்வு வந்தது. இந்தியாவின் பங்கில் மனுச் செய்யாமல் நின்ற 94 ஆயிரம் பேரை ஏற்பதாக 1986-இல் இலங்கை சட்டம் செய்தது. 1988-இல் இன்னொரு சட்டம். அப்படியும் முடியவில்லை. 2003 அக்டோபரில் இலங்கைப் பாராளுமன்றம் புதிதாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தோரும், வேறு எதுவும் கேட்காமல், இலங்கைப் பிரஜைகளே என்றது அது. நீ நிரூபி என்று தொழிலாளியின் தலையில் போட்டிருந்த சுமையை இறக்கி வைத்து, ஒரு வாக்குமூலப் படிவம் போதும் என்றது. தொழிற்சங்கத் தொண்டர்களும் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையமும் அதிகாரிகளோடு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அந்த டிசம்பரில் பத்து நாளைச் சற்றே கடந்த காலத்தில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள்.

பத்து நாள்! 1948-லிருந்து எண்ணினால் 55 ஆண்டு முடியாத வேலை பத்து நாளில் ஆயிற்று. அதே நாடு, அதே தோட்டம், அதே மக்கள். ஆபீசரின் எண்ணிக்கை பதினாயிரம் மடங்கு கூடிவிட்டதா என்ன? மாறியது சட்டத்தின் வாசகம். இனி யாராவது உங்களிடம் "வேலைப் பளு, அதனால்தான் தாமதம்" என்று சொன்னால், இந்தப் பத்து நாளை அவருக்கு நினைவூட்டுங்கள்.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபம் முகாமில் இறங்கி, குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு கூட்டம் போயிற்று. நம் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் தாலுகாக்களில் வன அபிவிருத்திக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களுக்கு ஒரு கூட்டம் வந்தது. இவர்கள் முறைப்படி இந்தியக் குடிமக்கள். ஆனாலும் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. குடியுரிமை வரிசை முடிந்த இடத்தில் அடுத்த வரிசை தொடங்கிவிட்டது.

1983-க்குப் பிறகு போரால் விரட்டப்பட்டு வந்தவர்கள் நிலை வேறு. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் மலையக வழியினரும் ஆயிரக்கணக்கில் உண்டு. சிறிமாவோ - சாஸ்திரி கணக்கின்படி இந்தியா ஏற்க வேண்டியவர்களே அவர்களுள் இருக்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் விசா இல்லாமல் வந்ததால், "சட்டவிரோதமாகக் குடியேறியவர்" என்ற சொல் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. 2003-இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி அந்தச் சொல் ஒட்டியவர் மனுச் செய்யவே தகுதியில்லை. அதனால் அவர்களைத் தாமதமாகிறவர்கள் என்று சொல்வதே தவறு. நிற்பதற்கு அவர்களுக்கு வரிசையே கிடையாது. 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்கள் மனுவை வாங்கி அனுப்புங்கள், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவு செய்யட்டும் என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தார்கள். அந்த மூன்றில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய காகிதம் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. நல்லதுதான். ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே, குடியுரிமை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு இனிப்பு வழங்கியவர்கள் இருந்தால் அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு தேதி என்ன செய்யும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடி 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 தேர்தலில் வாக்களித்தார். முப்பத்தாறு வருஷம் அவர் இந்தியராகவே இருந்திருக்கிறார், அவரிடம் அதை எடுத்துச் சொல்லத்தான் யாருமில்லை. அவருக்கு இரண்டு வருஷம் இளைய தம்பியோ தங்கையோ இருந்தால், அதே முகாமில் அதே தாய்க்குப் பிறந்திருந்தும், அந்தப் பிள்ளைக்கு இந்த வழி கிடையாது. முகாமில் உறவு உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியது, 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் குடும்பத்தில் உண்டா என்று பார்ப்பது.

அமெரிக்கா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றிப் பேசப் பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. அங்கே வேலையின் பேரில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் நிரந்தரக் குடியிருப்பு அட்டைகள். மனைவி மக்களும் அதற்குள்தான். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் நூற்றுக்கு 7-க்கு மேல் போகக் கூடாது. மற்றவர் எடுக்காமல் மிஞ்சினால்தான் கூடுதல். நூறு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள இந்தியாவுக்கும், நம் கோலார் ஜில்லா அளவு ஜனம்கூட இல்லாத நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு! பையனுடைய மனுவில் ஒரு தேதி விழும். அந்தத் தேதியை மாதாமாதம் வெளியாகும் பட்டியல் எட்ட வேண்டும். பட்டியல் சில மாதம் பின்னாலும் போகும். 21 வயது தாண்டிய பிள்ளை பெற்றோர் மனுவிலிருந்து கழன்றுவிட நேரும். வக்கீலுக்கு இன்னும் பணம் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்று பையன் எழுதினால், எண்ணிக்கையால் தேங்கியது பணத்தால் நகராது என்று பதில் எழுதுங்கள்.

நம் ஊர்ப் புரோக்கருக்கும் இதே பேச்சுத்தான். "விதான சவுதாவில் ஆள் இருக்கிறது, நான் முடித்துத் தருகிறேன்" என்பான். அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்தச் சட்டத்தில் வரும் மனு, இதற்கு எத்தனை நாள் கெடு?" அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கெடு என்றதும் ஒன்று. கர்நாடகத்தில் 2011-இல் சேவை உத்தரவாதச் சட்டம் வந்து, 2012-லிருந்து 'சகால' என்ற பெயரில் நடக்கிறது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இத்தனை நாள் என்று கெடு உண்டு. மனுக் கொடுத்தால் 15 இலக்க எண் போட்ட ஒப்புகைச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை, கேட்டு வாங்கலாம். தொகை சிறிதுதான். ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அதை அதிகாரியின் பையிலிருந்து கேட்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. வருமானச் சான்றிதழுக்குக் கடிகாரம் வைக்கத் தெரிந்த நாடு, குடியுரிமை மனுவுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? குடியுரிமைச் சட்டத்தில் மனுவை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு எழுதினால் எந்த வானம் இடிந்து விழும்? தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு இந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் எந்தக் கட்சியானாலும், நாம் வைக்க வேண்டிய கேள்வி இது.

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, "என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போயிற்று, இப்போது யார் மேசையில் இருக்கிறது" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. மனுவைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பாதீர்கள்; முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்காமல் படி இறங்காதீர்கள். பெயரைக் கன்னடத்தில் ஒரு விதமாகவும் இங்கிலீஷில் வேறு விதமாகவும் எழுதிவிடுகிறார்கள். முருகையா ஒரு காகிதத்தில் முருகேஷ் ஆகிவிடுகிறார். அன்று லயத்தில் இதே பெயர்க் குழப்பத்தால் தள்ளுபடியான மனுக்கள் எத்தனையோ. பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழில் பிழை இருந்தால் இந்த வருஷமே திருத்துங்கள்.

சிலோனிலிருந்து வந்த குடும்பத்தார் யாராவது இங்கே இருந்தால், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையையும் கண்டியில் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டையும், கிழிந்திருந்தாலும் கரையான் அரித்திருந்தாலும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் நானும் இரண்டு தோழர்களும் இருப்போம். கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறோம்.